செஞ்சாச்சு சரி, மராமத்து யாரு?

வா மக்கா, இரி. அந்த முக்காலியிலே இருக்காதே, அதுக்கு ஒரு காலு நொண்டி. திண்ணையிலே இரி. மெட்ராசிலே படம் வரையப் படிச்சுட்டு வந்த பய, இனிமே தாளிலே வரைய மாட்டேன், தரையிலேதான் வேலை செய்வேன்னு ஒங்கம்மைகிட்டே சொல்லிட்டியாமே. பாவம், அவ பதறிப்போய் இங்கே வந்தா. "பெரியப்பா, என்னமோ லேண்ட் ஆர்ட்டுன்னு சொல்லுகான், லேண்ட் புரோக்கர் வேலையா?"ன்னு கேட்டா. "இல்லம்மா, புரோக்கருக்குக் கமிஷன் உண்டு, இதிலே அதுவும் கெடையாது"ன்னு சொல்லி அனுப்பினேன். கொஞ்சம் ஆறுதலா போனா.

நீ வச்சுட்டுப் போன புஸ்தகத்தைப் பேத்தி வாசிச்சுச் சொன்னா. நானும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படமெல்லாம் பாத்தேன். கொள்ளாம்டே. அமெரிக்காக்காரனைச் சும்மா சொல்லப்படாது. மண்ணுலே எறங்கணும்னு நெனைச்சா புல்டோசரோட எறங்குகான்.

எனக்கு வெளங்கின அளவுக்குச் சொல்லுகேன், தப்புன்னா திருத்து. 1960களோட கடைசியிலே நியூயார்க்கிலே கொஞ்சம் பயக்களுக்குக் கோவம். படம் வரைஞ்சா பணக்காரன் வாங்கிட்டுப் போய் வீட்டுச் சொவத்திலே மாட்டுகான், வெலை ஏறினா விக்கான். யாரும் தூக்கிட்டுப் போக முடியாத சாதனமாச் செய்யணும்னு பாலைவனத்துக்குப் போனானுவ. 1968லே டுவான் கேலரியிலே 'எர்த்வொர்க்ஸ்'னு ஒரு கண்காட்சி வச்சானுவ, அதுலேருந்து பேரு பரவிட்டு. விக்க முடியாத கலைக்குத் தொடக்கம் விக்குற கடையிலே. அந்தக் கடைக்காரம்மாதான் பாலைவனத்திலே தோண்டுகதுக்கும் பணம் குடுத்தது. குடும்பச் சொத்து எங்கேருந்து வந்ததுன்னு பாத்தா, மின்னசோட்டா மைனிங்குன்னு தொடங்குற பேருள்ள கம்பெனி. பேரிலேயே சொரங்கம் இருக்கு. குத்தம் சொல்லல்லே மக்கா. காசு எந்த மடை வழியா வருதுன்னு பாக்குறது விவசாயிக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

அதிலே மைக்கேல் ஹெய்சர்னு ஒருத்தன், நெவாடாவிலே ஒரு மேட்டு நெலத்தை வெட்டியிருக்கான். 1969லேயும் 70லேயும் நடந்த வேலை. பள்ளத்தாக்குக்கு ரெண்டு பக்கமும் நேருக்கு நேரா ரெண்டு வெட்டு. மொத்தம் 1,500 அடி நீளம், 50 அடி ஆழம், 30 அடி அகலம். 2,40,000 டன் பாறையைப் பேத்துத் தள்ளியிருக்கான். பேரு 'டபுள் நெகட்டிவ்'. கூட்டிச் சேத்ததைப் பாக்காதே, எடுத்துப் போட்டதைப் பாருங்குகான். இல்லாததுதான் சிற்பமாம்.

பேத்தி வாசிச்சு முடிச்ச ஒடனே நான் கேட்டேன்: "இவ்வளவுதானா?"

நீ கல்குளம், விளவங்கோடு பக்கமா ஒரு நடை போய்ட்டு வா. நான் நிக்கர் போட்டு ஓடின காலத்திலே குன்னு நிண்ண எடத்திலே இப்பம் பள்ளம் கெடக்கு. உள்ளே பச்சையாத் தண்ணி. செங்குத்தா அறுத்த சொவரு, அதிலே வரிசையாக் கம்பரசர் போட்ட ஓட்டை. விளிம்பிலே ஒரு ஒத்தைப் பனை, வேரு பாதி அந்தரத்திலே தொங்க நிக்கு. டபுள் என்னடே, எத்தனை நெகட்டிவ் வேணும் ஒனக்கு? ராத்திரி முழுக்க டாரஸ் லாரி வரிசையா களியக்காவிளை வழியாப் போகுது. விழிஞ்ஞத்திலே துறைமுகம் கெட்ட நம்ம மலை கேரளாவுக்குப் போச்சு. இவ்வளவு பெரிய கலை வேலை நடந்திருக்கு, ஒருத்தனாவது கீழே கையெழுத்துப் போட்டிருக்கானா? அடக்கம்! புஸ்தகத்திலே பேரு வரணும்னா ஒனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கெடைக்காது. ராத்திரியோட ராத்திரியா ஒரு குவாரியிலே போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு வந்திரு. யாரும் மறுக்க மாட்டான். மறுத்தா, அப்போ தோண்டினது நீயான்னு ஆபீசர் கேப்பாரு இல்லா?

சரி, அடுத்தவன் ராபர்ட் ஸ்மித்சன். இவனைத்தான் நீ தலையிலே தூக்கி வச்சு ஆடுகே. 1970லே யூட்டாவிலே உப்பு ஏரிக்குள்ளே கருங்கல்லையும் மண்ணையும் லாரி லாரியாக் கொட்டி முறுக்கு பிழிஞ்சிருக்கான். 'ஸ்பைரல் ஜெட்டி'. 1,500 அடி நீளம், 15 அடி அகலம், 6,000 டன்னுக்கு மேலே கல்லு. ரெண்டு மூணு வருசத்திலே ஏரித் தண்ணி ஏறி அதை முழுங்கிட்டு. பொறவு முப்பது வருசம் உள்ளேயே கெடந்து, 2002 வாக்கிலே உப்புப் பூத்து வெள்ளையா வெளியே வந்திருக்கு. இப்பம் ஏரி வத்திப்போய், முறுக்கு தரையிலே கெடக்காம். ஏரி ஏன் வத்திச்சு? மழை இல்லாததும் உண்டு, ஏரிக்கு வாற ஆத்துத் தண்ணியை வழியிலேயே வயலுக்கும் ஊருக்கும் திருப்பிக்கிட்டதும் உண்டு. தண்ணி வந்து மூடுறதும் வத்திக் காட்டுறதும் அந்த வேலையிலே சேர்த்திதான்னு புஸ்தகம் சொல்லுகு. இந்த எடத்திலே எனக்கு அவன்மேலே மரியாதை வந்திச்சு, மறைக்க மாட்டேன்.

ஆனா வாயைப் பொளக்காதே. நம்ம கடக்கரையிலே இதே வேலை எத்தனை நடந்திருக்குன்னு தெரியுமா? ஆரோக்கியபுரத்திலேருந்து நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர், அதிலே 40க்கு மேலே மீனவ ஊரு. கடல் வீட்டு வாசலுக்கு வந்துட்டுன்னா ஊர்க்காரன் என்ன கேப்பான்? தூண்டில் வளைவு கேப்பான். கரையிலேருந்து கடலுக்குள்ளே கல்லைக் கொட்டி, நுனியிலே கொக்கியா வளைச்சு விடுகது. கறுத்த கல்லு, வளைஞ்ச வரி, மேலே உப்பு. நல்லா மேலேருந்து டிரோன் விட்டுப் படம் எடுத்தா, அமெரிக்காவா ஆரோக்கியபுரமான்னு ஒன் வாத்தியாருக்கே சந்தேகம் வரும்.

அதோட வெவரம் கேளு. கடல் மணல் ஒரு எடத்திலே நிக்காது. அலை சாய்வா வந்து அடிச்சு, கரையோரமாவே மணலைத் தள்ளிக்கிட்டுப் போகும். நீ குறுக்கே கல்லைப் போட்டா, ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகாது. அந்தக் கரையைக் கடல் அரிக்கும். அப்பம் அடுத்த ஊர்க்காரன் தாசில்தார் ஆபீசிலே நிப்பான், எங்களுக்கும் ஒண்ணு வேணும்னு. அது வந்தா அதுக்கு அடுத்த ஊரு. கலை பரவுதுன்னா இப்பிடித்தான் பரவும். அவனைக் குத்தம் சொல்லுகேன்னு நெனைக்காதே. அலை அடுப்படியிலே ஏறும்போ எவனும் கல்லுதான் கேப்பான், கவிதையா கேப்பான்?

அந்தக் கல்லு எங்கேருந்து வருது? அதேதான். மேக்கே நெகட்டிவ், தெக்கே ஜெட்டி, நடுவுலே டாரஸ். ஹெய்சர் ஒரு மூலையிலே தோண்டினான், ஸ்மித்சன் இன்னொரு மூலையிலே கொட்டினான். ரெண்டையும் ஒரே வேலையாச் சேத்து, ரோட்டையும் அதிலே ஒரு அங்கமா வச்சது நாமதான். யாருகிட்டேயும் சொல்லிக்கல்லே.

ஸ்மித்சன் பாவம், 1973லே டெக்சாசிலே அடுத்த வேலைக்கு எடம் பாக்க விமானத்திலே போய், அது விழுந்து செத்துப்போனான். முப்பத்தஞ்சு வயசு. சாகுறதுக்கு முன்னாலே சொரங்கக் கம்பெனிகளுக்குக் கடுதாசி போட்டுக்கிட்டு இருந்திருக்கான், நீங்க தோண்டிப் போட்ட குழியிலே நான் கலை செய்து தாறேன்னு. யாரும் பெருசாக் காது குடுக்கல்லே. அதுக்குப் பொறவு ராபர்ட் மோரிஸ்னு ஒருத்தன் 1979லே வாஷிங்டன் மாநிலத்திலே ஒரு பழைய சரளைக் குழியைப் படிப்படியா வெட்டிப் புல்லு வளத்தான். செஞ்சுட்டு அவனே கேட்டான்: குழியை நாங்க அழகாக்கிக் குடுத்தா, தோண்டினவன் பாவம் சீக்கிரம் கழுவிப்போயிராதான்னு. வெவரமான ஆளு. கூலியை வாங்கிட்டுக் கேட்டானா, வாங்குகதுக்கு முன்னே கேட்டானான்னுதான் தெரியணும். ஒனக்கும் ஒரு நாள் குவாரிக்காரன் விருந்து வைப்பான். போய்ச் சாப்பிடு. நல்லா வைப்பான், மீன் இருக்கும். படம் மட்டும் வரைஞ்சு குடுத்திராதே.

பின்னே அந்தக் கம்பி நட்டவன். வால்டர் டி மரியா. 1977லே நியூ மெக்சிகோவிலே ஒரு மைல் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலத்திலே 400 எஃகுக் கம்பி, 220 அடிக்கு ஒண்ணு வீதம் நட்டிருக்கான். மின்னல் வந்து எறங்கும்னு காத்திருக்கணும். வாறவன் அங்கேயே ராத்தங்கணும், துட்டு குடுக்கணும். தொளியிலே நாத்து நடும்போ இடி இடிச்சா நாங்க பொம்பிளைகளைக் கரையேறச் சொல்லுவோம். அங்கே அதுக்குத் துட்டு. போட்டும்.

நம்ம வயல் பத்துலே வந்து பாரு. கன்னிப்பூவும் கும்பப்பூவுமா ரெண்டு போகம் வெளைஞ்ச எடத்திலே செம்மண்ணை அடிச்சு நெரவி, வரிசை வரிசையா வெள்ளைக் கல்லு நட்டு வச்சிருக்கான். சதுரம் தப்பாது. எல்லாக் கல்லுக்கும் மஞ்சள் தலை. வாசலிலே வளைவு, வளைவுக்கு மேலே 'நகர்'னு முடியுற ஒரு பேரு. அங்கே மின்னலுக்குக் காத்திருக்கான், இங்கே வெலை ஏறக் காத்திருக்கான். எது சீக்கிரம் விழுமோ. 1982லே நியூயார்க்கிலே ஆக்னஸ் டெனிஸ்னு ஒரு அம்மா, கட்டடத்துக்குத் தோண்டின மண்ணைக் கொட்டி நெரவின எடத்திலே, கோடி கோடியா வெலை போற ரெண்டு ஏக்கரிலே, கல்லையெல்லாம் பொறக்கிட்டு கோதுமை வெதைச்சா. வெளைஞ்சு அறுத்தா, 1,000 ராத்தலுக்கு மேலே. பக்கத்திலேயே வால் ஸ்ட்ரீட். அந்தப் படத்தைப் பேத்தி காட்டினப்போ எனக்குச் சிரிப்பு வரல்லே மக்கா. அந்தம்மா கொட்டின மண்ணுக்கு மேலே வெதைச்சா. நாம வெதைச்சதுக்கு மேலே மண்ணைக் கொட்டுகோம்.

இனிமே நீ செய்யப் போற வேலைக்கு வருவோம். மொதல்லே எடம். அமெரிக்காவிலே அவனுவ காலிப் பாலைவனம்னு சொல்லிப் போனானுவ. அது காலியா? அதுலே பைய்யூட்டு, ஷோஷோனின்னு ஜனங்க ஆயிரம் வருசமா இருந்த மண்ணு. அடிச்சு வெரட்டின பொறவு பாத்தா எந்த எடமும் காலியாத்தான் தெரியும். நம்மூரிலே அந்தச் சௌகரியம் கெடையாது. ஒரு சென்டு விடாமே பட்டா உண்டு. பட்டா இல்லாத எடத்திலே கேசு உண்டு. கேசும் இல்லேன்னா மாடன் இருப்பான். நீ போய் ஒரு சுடலைமாடன் பூடத்துக்குப் பக்கத்திலே கல்லைக் குவிச்சு வச்சியோ, மறுநாள் காலையிலே அதுக்குச் செவ்வரளி மாலை விழும், அடுத்த கொடைக்கு வெள்ளை அடிப்பா, பொறவு ஒன் கலையை நீயே தொட முடியாது. தொட்டா அபராதம்.

ரிச்சர்டு லாங்னு ஒரு இங்கிலீசுக்காரன், 1967லே ஒரு புல்வெளியிலே போய் அங்கயும் இங்கயுமா நடந்து நடந்து, புல்லு மடிஞ்சு கோடு விழுந்ததும் படம் எடுத்தான். உலகமே கொண்டாடுது. அவன் யோகம், இங்கிலாந்திலே பொறந்தான். இதை இங்கே செய்திருந்தான்னா, வயலுக்காரன் முன்சீப் கோர்ட்டிலே கேசு போட்டிருப்பான், வழிப்பாதை உரிமை கேக்கத்தான் நடக்கான்னு. அது அப்பீலுக்குப் போயி, லாங்கு மவன் காலத்திலே தீர்ப்பு வரும்.

சரி, எடம் கெடைச்சுட்டுன்னே வை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். செஞ்ச பொறவு மராமத்து யாரு?

முழிக்காதே. இதை அமெரிக்காக்காரனும் தப்ப முடியல்லே. அதே டி மரியா நியூயார்க்கிலே ஒரு மாடி வீட்டிலே 3,600 சதுர அடிக்கு 22 இஞ்சு உயரத்திலே மண்ணைக் கொட்டி வச்சிருக்கான், 1977லே. 'எர்த் ரூம்'. இன்னைக்கும் இருக்கு. ஒண்ணும் வெதைக்கப்படாது, உள்ளே காலு வைக்கப்படாது, வாசல்லே நிண்ணு பாக்கணும். ஆனா அந்த மண்ணை ஒரு ஆளு தண்ணி தெளிச்சு, வாரி வச்சு நெரவி, மொளைச்ச காளானைப் பிடுங்கிப் போட்டுக்கிட்டே இருக்கணும். பல வருசமா அதுக்குச் சம்பளத்துக்கு ஆளு உண்டு. வெளையாத மண்ணுக்குக் களை பறிக்கான் பாத்துக்கோ. எனக்கு அந்த வேலை கெடைச்சா விசா எடுத்துட்டுப் போயிருவேன்.

நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்கு நீ சின்னதிலே என்கூட வந்திருக்கே. பிரசாதம் என்ன? மண்ணு. கருவறையிலே ஊறுற ஈரத்திலேருந்து எடுத்த மண்ணு. ஆறு மாசம் கறுப்பாவும் ஆறு மாசம் வெளுப்பாவும் இருக்கும்னு ஐதீகம். கருவறைக்கு மேலே என்ன? தங்கமா, செம்பா? ஓலை. கோபுரம் கெட்டத் தெரிஞ்ச ஊருதானே, மத்த எடத்திலே கல்லிலே கெட்டியிருக்கான் இல்லா? அந்த எடத்தை மட்டும் மக்குற ஓலைக்கு விட்டான். வருசா வருசம் மாத்திக் கெட்டணும். கெட்டுறவன் இருக்குறது வரைக்கும் அது பழைய கூரை, ஆனா எப்பமும் புது ஓலை. மண்டைக்காட்டு அம்மை இன்னும் மேலே. அவளுக்குச் சிலையே கெடையாது, புத்துதான் உருவம். செதல் கெட்டினது. நாம செஞ்சதெல்லாம் அதைச் சுத்தி ஒரு வீடு, விரிசலுக்குச் சந்தனம், மாசியிலே ஒரு கொடை. சிற்பி யாருன்னு எந்தக் கல்வெட்டிலேயும் இல்லை.

சிதறால் மலையைப் பாத்திருப்பே. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்குற எடம். சமண முனிவனுவ மேலே துருத்திக்கிட்டு நிக்குற பாறையை அப்பிடியே கூரையா வச்சுக்கிட்டு, பாறை முகத்திலே தீர்த்தங்கரரை வரிசையாச் செதுக்கியிருக்கா. ஆயிரத்துச் சொச்சம் வருசமாச்சு, மலை அங்கேதான் இருக்கு. அந்தக் காலத்திலே கம்பரசர் இல்லைன்னு சொல்லாதே. உளி இருந்திச்சு, ஆசையும் இருந்திருக்கும்.

கன்னியாகுமரியிலே காந்தி மண்டபத்துக்குப் போனியா? 1956லே கெட்டினது. அக்டோபர் 2ஆம் தேதி உச்சி வெயில் மேலே உள்ள தொளை வழியா, அஸ்தி வச்ச எடத்திலே வந்து விழும். ஸ்மித்சன் பொண்டாட்டி நான்சி ஹோல்ட், யூட்டா பாலைவனத்திலே பெரிய சிமென்டுக் குழாய் நாலு போட்டு, சூரியன் தெக்கேயும் வடக்கேயும் திரும்புற நாளிலே உதயமும் அஸ்தமனமும் குழாய்க்குள்ளே தெரியுற மாதிரி வச்சது 1976லே. நமக்கு இருபது வருசம் பின்னாடி. இதை ஒன் வாத்தியாருகிட்டே சொல்லு, ஆனா சண்டை போடாதே. அந்தம்மா வேலை நல்ல வேலை. நம்ம மண்டபத்திலேயும் வெயில் தவறாமே வருது, உள்ளே நிக்குறவனுவ செல்லிலே தன் மூஞ்சியைத்தான் எடுக்கானுவ.

ஒனக்கு நான் காட்ட நெனைச்சது வேறே. மணக்குடிக்கு வா. நம்ம பழையாறு கடலிலே சேருற எடம். கோடையிலே ஆத்துலே வரத்து கொறைஞ்சா, கடல் கொஞ்சம் கொஞ்சமா மணலைத் தள்ளி வாயை அடைச்சிரும். பொழி அடைஞ்சுட்டும்போம். பொறவு மேலே மழை பெய்ஞ்சு வெள்ளம் வந்தா, அதுக்குப் போக்கிடம் கெடையாது. காயல் பொங்கித் தென்னந்தோப்பிலே ஏறும், உப்பளத்திலே ஏறும், பின்வாங்கி வயலிலே ஏறும். அப்பம் பொழி வெட்டணும்.

எங்கே வெட்டுகதுன்னு தீர்மானிக்கிறதுதான் வேலை. வயசாளி ஒருத்தன் மணல்மேலே வெறுங்காலோட நடப்பான். எங்கே தாழ்வு, எங்கே அடிமணல் ஈரம், அலை எந்தப் பக்கம் ஒடைஞ்சு வருதுன்னு பாப்பான். குதிங்காலை அழுத்தி ஒரு கோடு இழுப்பான். ஆமா, ஒன் லாங்கு இழுத்த கோடுதான், ஆனா இது கடலுக்குப் போற கோடு. கடல் இறங்கின நேரமாப் பாத்து, கடல் பக்கத்திலேருந்து ஆத்துப் பக்கமா வெட்டிட்டு வருவா. மம்பட்டி போற அகலம்தான், ரெண்டு முழம் இருக்கும். வெட்ட வெட்ட மணல் சரியும், திருப்பி அள்ளணும். கடைசியா ஆத்தோரத்திலே ஒரு வரப்பு அளவு மண்ணு மிஞ்சி நிக்கும். அந்த நேரம் யாரும் பேச மாட்டா, பீடியை மட்டும் பத்த வைப்பா. அதை ஒருத்தன் எடுப்பான். தண்ணி ஒரு விரல் கனத்திலே ஓடி வரும். இதுக்கா இவ்வளவு பாடுன்னு தோணும். அடுத்தாப்லே பக்கத்து மணல் பொலுபொலுன்னு உள்ளே விழும், தண்ணி நெறம் மாறும், சத்தம் மாறும். வெட்டின ஆளுக அவசரமா அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாத் தாவுவா. நேரத்துக்குத் தாவாதவன் அக்கரையிலே மாட்டிக்கிடுவான், சாப்பாடு இக்கரையிலே இருக்கும். சாயங்காலம் பாத்தா, காலையிலே நடந்து போன எடத்திலே வள்ளம் போகும். நீலக் கடலுக்குள்ளே பழையாத்துச் செம்பழுப்பு ரொம்ப தூரம் போயிருக்கும்.

வெட்டினது மனுசன் ரெண்டு முழம், மிச்சத்தை வெட்டினது ஆறு. எவன் வேலை அது? பேரு போட ஆளில்லை. வருசம் திரும்புறதுக்குள்ளே கடல் அடைச்சிரும், திரும்ப வெட்டணும். அதிலேயும் தகராறு உண்டு. வயலுக்காரன் சீக்கிரம் வெட்டுங்குவான், உப்புத்தண்ணி உள்ளே ஏறும்னு இன்னொருத்தன் பொறுங்குவான். இப்பம் ஜேசிபி வந்து நிக்கு, மணல்மேலே குதிங்கால் வைக்க ஆளில்லை. ரெண்டு தடவை தப்பான எடத்திலே வெட்டி, மறுநாளே கடல் மூடினதும் நடந்திருக்கு. 2004லே சுனாமி வந்தப்போ அந்த எடத்திலே பாலத்தையே கடல் தூக்கிட்டுப் போச்சு. இயற்கையோட பிரம்மாண்டம்னு புஸ்தகத்திலே பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கான். அதை மணக்குடியிலே போய்ச் சொல்லாதே.

மராமத்துன்னு நான் கேட்டது இதைத்தான். பறளியாத்துத் தண்ணியைப் பழையாத்துக்குத் திருப்பினானே, பாண்டியன் கால், அது எத்தனை நூறு வருசத்து வெட்டு! தூர் எடுக்காமே ஒரு பத்து வருசம் விட்டிருந்தா நாஞ்சில் நாடுன்னு சொல்ல நெல்லு இருந்திருக்குமா? 1906லே பேச்சிப்பாறை அணையைக் கெட்டி முடிச்ச மிஞ்சின் தொரை, அங்கேயே அணைக்குப் பக்கத்திலே அடங்கியிருக்கான். செஞ்ச வேலையை விட்டுட்டுப் போகாத ஆளு. ஒன் ஆளுகளிலே எவனாவது குழிக்குப் பக்கத்திலே குடியிருந்தானா? ஓ, ஹெய்சர் இருந்தான். அதைச் சொல்லத்தான் வேணும். நெவாடாவிலே ஒரு பள்ளத்தாக்கிலே ஒண்ணரை மைல் நீளத்துக்கு 'சிட்டி'ன்னு ஒண்ணைச் செய்ய அம்பது வருசம் அங்கேயே கெடந்திருக்கான். 2022லே தொறந்தான். செலவு 4 கோடி டாலராம். ஒரு நாளைக்கு ஆறு பேரைத்தான் உள்ளே விடுவான், தலைக்கு 150 டாலர். பக்கத்து ஊர்க்காரனுக்கு இலவசம். அந்தக் கடைசி வரியைப் பேத்தி வாசிச்சதும் எனக்கு ஒரு புத்தி உதிச்சுது.

இஞ்ச பாரு, கிட்டே வா. இந்தப் பூமிக்கலைக்குப் பணம் குடுக்குற அறக்கட்டளை அங்கே இருக்கு இல்லா? நீ ஒரு விண்ணப்பம் எழுது. நம்ம மேலக்குளம் தூர்ந்துபோய், ஆகாயத்தாமரை மூடி, மாடு நடக்குற கணக்கிலே கெடக்கு. ஜில்லாவிலே 2,000 குளத்துக்கு மேலே, எதுக்குன்னு சர்க்கார் வரும்? தேரூர்க் குளத்துப் பக்கம் போயிராதே, அது 2022லே ராம்சார் பட்டியலிலே ஏறியாச்சு, பறவைக்குச் சொந்தம். நமக்குச் சின்னக் குளம் போதும். தலைப்பை மட்டும் இங்கிலீசிலே வை. 'டிரிப்பிள் நெகட்டிவ்'னு வையி, ஹெய்சரைவிட ஒண்ணு கூட. உள்ளேருந்து மண்ணை எடுக்கோம், வெறுமைதான் சிற்பம்னு எழுது. மழை வந்து நெறைஞ்சதும் சிற்பம் மறையும், கோடையிலே திரும்பத் தெரியும்னு ஸ்மித்சன் பாசையிலே ஒரு பத்தி போடு. கரைக்காரன், மடைக்காரன், ஊர்க்காரன் எல்லாரும் பங்கேற்பாளர்கள்னு எழுது, அந்த வார்த்தைக்குத் துட்டு கூடுதல்னு பேத்தி சொல்லுகா.

நாங்க தோண்டுகோம். நீ கரைமேலே நிண்ணு படம் எடு. வரப்பிலே ஏறி மிதிச்சிராதே. 2014லே பெருவிலே நாஸ்கா கோட்டுப் படத்துக்குப் பக்கத்திலே, பூமியைக் காப்பாத்தச் சொல்லி எழுதி வைக்கப் போன கிரீன்பீஸ் ஆளுக, அந்த ஆயிரத்துச் சொச்சம் வருசத்துத் தரையிலே காலடியைப் பதிச்சுட்டு வந்தது இதே புஸ்தகத்திலேதான் இருக்கு. கூலியை சனிக்கிழமை சாயங்காலம் தவறாமே குடுத்திரணும், டாலரை மாத்த நாளாகும்னு சொல்லப்படாது. இன்னொண்ணு, தோண்டுற வண்டல்லே மொதல் ரெண்டு லோடு எங்க வயலுக்கு. அது கலைக் கணக்கிலே வராது, ரசீது வேண்டாம்.